சாய்தளம் கட்டியும் யாரும் வரவில்லை என்றால்?

2025 ஜூலை 6 – திருப்புல்லாணிப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் சாய்தளம் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சக்கர நாற்காலிகூட அதில் ஏறி நான் பார்த்ததில்லை. மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்துகிறார்கள். மழை வந்தால் ஆடுகள் வந்து படுக்கின்றன. இப்போது நூலகத்துக்கும் ஒன்று கட்ட வேண்டும் என்று பேச்சு. தெருக்குழாயில் தண்ணீரே ஒழுங்காக வருவதில்லை. வராத ஆட்களுக்காக எதற்கு இந்தச் செலவு? மனம் நோகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஜூலை 6, இரவு

தம்பி, எனக்கு இடது காலில் போலியோ. காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) அணிந்து, ஊன்றுகோல் பிடித்து நடக்கிறேன். வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம், தொழில் தையல். மனு எழுதத் தெரியும் என்பதால் உதவித்தொகை, அடையாள அட்டை, இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் என்று யாருக்கு எது வேண்டுமானாலும் என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கரையில் எந்த அலுவலகத்துக்கு எத்தனை படி என்பது எனக்கு மனப்பாடம்.

"வராத ஆட்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊராட்சியில் உதவித்தொகை வாங்கும் மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். அவர்கள் காரியமாக அலுவலகத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்றும் விசாரியுங்கள். அம்மா வருவார், அண்ணன் மகன் வருவான், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். காரியம் நடந்துவிடுகிறது, அதனால் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. தன் கையெழுத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவதற்கு நாங்கள் சின்ன வயதிலிருந்தே பழகிவிடுகிறோம். பழகிவிட்டதைப் பார்க்கிறவர்கள், இவர்களுக்கு வரத் தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலே பேசுவதற்கு முன் ஒரு உதவி. ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய், அலுவலகத் தரை ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம், சாய்தளம் எவ்வளவு நீளம், மேல்முனையில் கதவுக்கு முன்னால் எவ்வளவு சமதளம் என்று அளந்து எழுதுங்கள்.

ஜூலை 8

அளவு வந்துவிட்டது. தரை உயரம் இரண்டரை அடி. சாய்தளம் ஒன்பது அடி நீளம். மேலே கதவுக்கு முன் இரண்டு அடி இடம். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை சொல்கிற அளவு அது. இரண்டரை அடிக்கு முப்பது அடி. உங்கள் ஊரில் கட்டியிருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. அந்தச் செங்குத்தில் ஒருவர் தானே நாற்காலியை உருட்டி ஏற முயன்றால் முன்சக்கரம் எழும்பி மல்லாந்து விழுவார். பின்னால் ஒருவர் தள்ளினாலும் ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து. ஆளும் நாற்காலியும் சேர்ந்து ரோட்டுக்கு ஓடும். எப்படியோ மேலே போய்விட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டம் வேண்டும், உங்களிடம் இருப்பது இரண்டு அடி. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், அதைத் திறப்பதற்காகவே அவர் சரிவில் பின்வாங்க வேண்டும்.

உங்கள் ஊரில் இருக்கும் நாற்காலிக்காரர் யாரோ, அவருக்குப் பிழைக்கத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவர் அதில் ஏறவில்லை.

ஜூலை 9

முப்பது அடிக்கு இடம் எங்கே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நேராகத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுவரை ஒட்டிக் கொஞ்சம் போய், ஐந்து அடிச் சமதளத்தில் திரும்பி, மீதியை ஏறலாம்.

கேட்டிலிருந்து அலுவலகம் வரை நல்ல தூரம் உள்ள இடங்களில் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாதையையே மண் கொட்டி மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு வருவது. இருபதுக்கு ஒன்று என்ற சரிவுக்கு அதைச் சாய்தளம் என்றுகூடக் கணக்கில் எடுப்பதில்லை, நடைபாதைதான். இரண்டரை அடிக்கு ஐம்பது அடி. கிழவி, கர்ப்பிணி, சிலிண்டர் தூக்கி வருகிறவர் எல்லாரும் அதே பாதையில் வருவார்கள். எங்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு பாதை, மற்றவர்களுக்கு முகப்பில் படி என்ற பிரிவே வராது. எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு.

நம் கரையில் வெள்ளத்துக்குப் பயந்து அடித்தளத்தை உயர்த்திக் கட்டுகிறோம். அது சரியான காரியம். ஆனால் உயர்த்துகிற அன்றைக்கே, மதிப்பீடு போடும்போதே, வழியும் அதே தாளில் இருக்க வேண்டும். கட்டி முடித்து வெள்ளையடித்த பிறகு, மிச்சம் இருக்கும் சிமெண்டில் ஒட்டவைக்கும் சாய்தளம் எல்லா ஊரிலும் ஒன்பது அடிதான் இருக்கும். மிச்ச இடம் அவ்வளவுதான் இருக்கிறது.

ஜூலை 10

மணல், உப்பு பற்றிச் சொல்லாமல் கடற்கரை ஊரில் சாய்தளம் பற்றிப் பேச முடியாது.

ஆடிக் காற்றில் மணல் பறந்து வந்து சாய்தளத்தில் படியும். பளபளப்பான டைல்ஸ் பதித்திருந்தால், அதன்மேல் மணல், அதன்மேல் என் ஊன்றுகோலின் தேய்ந்த ரப்பர். ரவை சிந்திய தரையில் நடக்கிறது போல இருக்கும். சொரசொரப்பான சிமெண்ட் தரைதான் நல்லது, அதையும் தினமும் கூட்ட வேண்டும். கூட்டுவது யார் வேலை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கைப்பிடி. இரும்புக் குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து நட்டுவிடுகிறார்கள். உப்புக் காற்றில் முதலில் அரிப்பது குழாய் சிமெண்டுக்குள் இறங்கும் அடிப்பகுதி. மேலே பார்த்தால் நன்றாகவே இருக்கும், நம்பிப் பிடித்தால் கையோடு வரும். எவர்சில்வர் குழாய் போட்டால் 304 என்ற வகை சாதாரணமாகக் கிடைப்பது, ஆனால் கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். 316 என்ற வகையில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும், விலை கூடுதல். அது கட்டுப்படியாகாது என்றால் 304-ஐ அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். எந்த வகை என்று மதிப்பீட்டில் எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் எது மலிவோ அதைப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்காதது நாம்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக மரப்பாதை திறந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயலின் அலையில் ஒரு பகுதி பெயர்ந்தது, பிறகு சீர் செய்தார்கள். கடலோரத்தில் எதைக் கட்டினாலும் கட்டும் பணத்தோடு பராமரிக்கும் பணத்தையும் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஜூலை 13

இன்று எழுதப் போவது பலருக்கும் சங்கடமான விஷயம், ஆனாலும் எழுதுகிறேன்.

ஒரு அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றால் எங்களில் பல பெண்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் காப்பி கிடையாது. திங்கட்கிழமை மனு நாள் என்றால் வரிசையில் காத்திருந்து, மனுவைக் கொடுத்து, பஸ் பிடித்து வீடு வந்த பிறகுதான் முதல் மிடறு. சித்திரை வெயிலிலும் இப்படித்தான். சிறுநீரகத் தொற்று வந்து அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

கழிப்பறை இல்லாததால் மட்டும் அல்ல இது. பல இடங்களில் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை என்று படம் போட்ட கதவு இருக்கிறது. பூட்டியிருக்கும். சாவி ஓர் ஊழியரிடம், அவர் சாப்பிடப் போயிருப்பார். நான் மனு கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில் கதவைத் திறந்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டை, பழைய நாற்காலிகள், தேர்தலுக்கு வாங்கிய தட்டிகள். ஊழியர் மூட்டையை நகர்த்திக் கொடுத்தார். நல்ல மனிதர்தான், வெட்கப்பட்டார். ஆனால் அத்தனை பேர் பார்க்க மூட்டை நகர்த்திக் கொடுத்த பிறகு அங்கே போக எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

கழிப்பறையில் வேண்டியது இவ்வளவுதான்: மூன்று அடி அகலக் கதவு, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். நாற்காலி திரும்ப இடம். உட்காரும் பீங்கான், பக்கச் சுவரில் ஆளின் முழு எடையைத் தாங்கும் கம்பி. கைக்கு எட்டும் உயரத்தில் குழாய். வாளியைத் தரையில் வைத்தால் காலிபர் போட்டவரால் குனிந்து எடுக்க முடியாது.

ஜூலை 14

நேற்றையதைப் படித்துவிட்டு, இதற்கெல்லாம் ஊராட்சியிடம் பணம் ஏது என்று ராஜசிங்கமங்கலம் பக்கத்து அண்ணன் ஒருவர் கேட்கிறார். அவர் முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவர், அதனால் அவருக்குத் தெரிந்த கணக்கையே எடுத்துச் சொல்கிறேன். மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு 2026 மார்ச் வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்த பணம். கழிப்பறை சுகாதாரத்தில்தான் வரும். தம்பியின் தெருக்குழாயும் எங்கள் கழிப்பறையும் ஒரே தலைப்பில் இருக்கின்றன. குழாய் வைக்கும் மேடையை நாற்காலி எட்டுகிற மாதிரிக் கட்டினால் இரண்டும் ஒரே வேலை.

ஜூலை 20

இந்த வாரம் ஒரு மனு முகாமுக்குப் போனேன். எல்லாத் துறையும் ஒரே இடத்தில், நல்ல ஏற்பாடு. இடம் ஒரு திருமண மண்டபம். வாசலில் ஏழு படி. மண்டபத்தில் சாய்தளம் இல்லை.

கீழே ஒரு மேசை போட்டு, ஏற முடியாதவர்கள் இங்கேயே மனு கொடுக்கலாம் என்று ஓர் அலுவலரை உட்காரவைத்தார்கள். முதலில் நான் மகிழ்ந்தேன். வெயிலில் நிற்காமல் வேலை முடிந்தது. நம் ஊராட்சி அலுவலகங்களிலும் சாய்தளம் கட்டும்வரை அலுவலர் இறங்கி வரலாமே என்று எழுத நினைத்திருந்தேன்.

ஜூலை 21

அந்த மேசை பற்றி இரவெல்லாம் யோசித்தேன்.

எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவர் விட்டுப் போனதைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்டார்கள். மேலே மண்டபத்தில் மற்றவர்கள் மேசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்கள். கீழே உள்ள மேசையில் ஒரே அலுவலர், அவர் எந்தத் துறைக்காரரும் இல்லை. வாங்கிக்கொண்டு மேலே அனுப்புவார். மேலே போனவர்கள் கேள்வி கேட்டு அங்கேயே பதில் வாங்கினார்கள், நாங்கள் ரசீது வாங்கினோம்.

ஆகவே இறங்கி வருவது ஓர் அவசர உதவி. ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அதையே முறையாக்கிவிடக் கூடாது. முகாமுக்கு இடம் தேர்வு செய்கிறவர் வாசற்படியைப் பார்த்துவிட்டுத் தேர்வு செய்தால் இந்த மேசைக்கே வேலை இருக்காது. ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வாக்குச்சாவடி அங்கேதான் என்பதால் பெரும்பாலான பள்ளிகளில் ஏதோ ஒரு சரிவுப் பாதையாவது போட்டிருக்கிறார்கள். தேர்தலுக்கு வேண்டும் என்றால் செய்ய முடிகிறது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எண்கூட இருக்கிறது. ஓட்டுப் போட எங்களை அழைத்துப்போகிற அக்கறை, அடுத்த நாள் ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கப் போகும்போதும் வேண்டும்.

ஜூலை 27

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா (அக்கா) எழுதியிருக்கிறார். பார்வை இல்லாதவர். எல்லாரும் சிமெண்ட் கணக்கே பேசுகிறீர்கள், எனக்குப் படி ஒரு தடையே இல்லை, எண்ணிக்கொண்டு ஏறிவிடுவேன் என்கிறார். அவருடைய தடை வேறு. நகராட்சி, ஊராட்சி அறிவிப்புகள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகின்றன, முத்திரை குத்திய தாளைப் போட்டோ எடுத்து. அவர் கைப்பேசி எழுத்தைப் படித்துச் சொல்லும், போட்டோவைப் "படம்" என்று மட்டும் சொல்லும். தண்ணீர் வராத நாள், வரி கட்டக் கடைசி நாள், முகாம் நாள் எல்லாம் அவருக்குப் "படம்".

இதைச் சரி செய்ய ஒரு பைசா வேண்டாம். படத்தின் கீழே அதே செய்தியைத் தட்டச்சு செய்து போட வேண்டும், அல்லது அரை நிமிடம் பேசிக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஊர் மக்கள் அத்தனை பேருக்கும் அந்தக் குரல் பதிவு பயன்படும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 42-வது பிரிவு இதைத்தான் கேட்கிறது.

லாத்தா, இன்னொன்று. இந்த ஆண்டு தமிழ்நாட்டு உள்ளாட்சிச் சட்டங்களில் வந்த திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர்கள் வரப் போகிறார்கள். தீர்மானத்தில் ஓட்டுப் போடும் உரிமை இல்லை, ஆனால் உள்ளே உட்கார்ந்து பேசலாம். எங்கள் கிராம ஊராட்சிகளில் ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்தான் இருக்கிறார், மன்றமே இல்லை. உங்கள் கீழக்கரை நகராட்சியில் மன்றம் இருக்கிறது. மனு போடுங்கள். நீங்கள் உள்ளே போனால் முதல் கூட்டத்திலேயே இந்தப் "படம்" நின்றுவிடும்.

ஆகஸ்ட் 3

சட்டம் எதற்கு, மனிதாபிமானம் போதாதா என்று ஒருவர். மனிதாபிமானம் நிறையப் பார்த்தாயிற்று. என்னைத் தூக்கிக்கொண்டு படியேற எல்லா ஊரிலும் நாலு பிள்ளைகள் ஓடி வருவார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நான் ஒரு வயது வந்த பெண், என்னை யாரும் தூக்குவது எனக்கு விருப்பம் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அதே ஆண்டு ஜூனில். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் விதி வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சரி செய்ய வேண்டும் என்று 45-வது பிரிவு சொல்கிறது. 2022 ஜூனோடு அந்தக் கெடு முடிந்துவிட்டது. புதுக் கட்டடம் என்றால் 44-வது பிரிவு: அணுகல் வசதி இல்லாமல் கட்டட நிறைவுச் சான்றிதழே கொடுக்கக் கூடாது. கடந்த ஆண்டு நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. ஆகவே தம்பியின் ஊர் நூலகத்துக்குச் சாய்தளம் வேண்டுமா என்பதில் பேச ஒன்றும் இல்லை, அது சட்டம். அதை எப்படிக் கட்டுவது என்பதைப் பேசுவோம்.

ஆகஸ்ட் 6

இன்று ஏர்வாடி நாள். 2001-இல் இதே தேதி விடியற்காலை, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், நாங்கள் நாற்காலி, ஊன்றுகோல் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டத்தில் 21 வகை இருக்கிறது. மனநோய் அதில் ஒன்று, அறிவுசார் குறைபாடு ஒன்று. அவர்களுக்குக் கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகம் சுளித்தால் கதவு அடைந்ததுதான். என்னோடு வந்த ஓர் இளைஞர், மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறவர், கவுண்டரில் இரண்டாவது முறை ஒரு கேள்வி கேட்டார். "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். அவர் கேட்டது எந்தப் பக்கத்தில் கையெழுத்து என்பது. பலருக்கும் வரும் சந்தேகம்தான் அது, படிவம் அப்படி இருக்கிறது. அவர் பிறகு என்னோடு வரவே இல்லை.

அவசரப்படுத்தாத ஓர் ஆள், எளிய தமிழில் ஒரு படிவம், கூட்டம் குறைந்த நேரத்தில் வரச் சொல்லி ஒரு டோக்கன். அவருக்கு வேண்டியிருந்தது இவ்வளவே.

ஆகஸ்ட் 13

நேற்று தாயுமானவர் திட்டம் தொடங்கியது. எழுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வரும். மணலில் அரிசிப் பையை இழுத்துக்கொண்டு வந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் எனக்கு முன்பே ஒருவர் எழுதிவிட்டார், "இனி ரேஷன் கடைக்குச் சாய்தளம் தேவையில்லை" என்று. தேவை, அண்ணா. சில மாதம் எனக்கு வீட்டுக்கு வந்தால் நல்லது. சில மாதம் நானே போய், வரிசையில் நின்று, நாலு பேரோடு பேசிவிட்டு வர வேண்டும். எது என்று நான் தேர்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு எல்லாம் வருகிறது என்பதால் நாங்கள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 15, மாலை

கிராம சபை முடிந்து வருகிறேன். இந்த முறை பந்தல் ரோட்டோரச் சமதளத்தில் போட்டார்கள். முன்பெல்லாம் மணல் திடலில்தான்.

என் அக்கா மகன் வந்திருந்தான். பிறவியிலேயே காது கேளாதவன், நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போகிறவன். பாம்பனிலிருந்து குடிவந்து இப்போது எங்கள் ஊரில் இருக்கிறான். எட்டாவது வரை படித்திருக்கிறான், தமிழ் வாசிப்பான். சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அவனைப் போன்றவர்கள் பேசுவது வீட்டுக்குள் உருவான சைகை, பள்ளிச் சைகையோடு முழுதாகச் சேராது. ஆகவே நான் வேறு ஒன்று கேட்டேன். கூட்டத்தில் பேசப் போகிற பொருள்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் ஒரு சார்ட்டில் எழுதிப் பந்தல் காலில் கட்ட வேண்டும், எதைப் பேசுகிறார்களோ அதன்மேல் ஒருவர் விரல் வைக்க வேண்டும். செயலர் ஒத்துக்கொண்டார்.

ஏழாவது பொருள் தெருவிளக்கு. விரல் அங்கே வந்ததும் இவன் கை தூக்கினான். படகு ஒதுங்கும் இடத்தில் விளக்கு இல்லை என்று சைகை காட்டினான், நான் சொன்னேன். ஏன் அங்கே என்று கேட்டார்கள். இருட்டில் அவனால் யாரிடமும் பேச முடியாது. கை தெரிந்தால்தான் பேச்சு. கரை திரும்பும் நேரம் விடியுமுன். வலையை இறக்கிவிட்டு விடியும்வரை அவன் ஒரு வார்த்தை இல்லாமல் நிற்கிறான். அவன் பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு இது தோன்றியதில்லை.

தீர்மானத்தில் விளக்கு ஏறிவிட்டது. அலுவலகக் கழிப்பறையும் ஏறியிருக்கிறது. கைப்பிடிக் குழாயின் வகையை எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது மட்டும் சிலர் சிரித்தார்கள். எழுதவைத்தேன்.

ஆகஸ்ட் 24

தம்பி நூலக வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முப்பத்தாறு அடி, நடுவில் திரும்பும் சமதளத்தோடு. நன்றாக இருக்கிறது. கதவு நிலைப்படியில் இரண்டு அங்குல மேடு காட்டியிருக்கிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை நீளம் ஏறி வந்த நாற்காலி அந்த இரண்டு அங்குலத்தில் நின்றுவிடும். செய்தித்தாள் மேசைக்கு அடியில் முழங்கால் போக இடம் வேண்டும். கட்டும் முன் உங்கள் ஊர் நாற்காலிக்காரரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவர் நான் பார்க்காததையும் பார்ப்பார்.

செப்டம்பர் 7

மழைக்காலம் வருகிறது. மீதி எல்லாவற்றையும் விட இது இப்போது அவசரம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதை எல்லாரும் அறிவோம். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. என் அக்கா மகனுக்கு அவன் தாத்தா ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்று வரை கைவிரலில் சொல்லிக்கொடுத்தார். கண்ணால் பார்க்கிற எச்சரிக்கை அது, காது கேளாதவனுக்கும் சமமாகக் கிடைக்கிறது. ஆனால் கரை நெடுக இருக்கும் மற்ற ஊர்களில் எச்சரிக்கை என்றால் ஒலிபெருக்கிதான். பள்ளிவாசலில் சொல்வார்கள், கோயிலில் சொல்வார்கள், மாதா கோயிலில் சொல்வார்கள், ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போவார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை. பார்வை இல்லாத லாத்தாவுக்கோ கூண்டு இல்லை, ஒலிபெருக்கி உண்டு. இரண்டும் எல்லா ஊரிலும் வேண்டும். இறங்குதளத்தில் சிவப்புக் கொடியோ சுழல் விளக்கோ வைப்பது பெரிய செலவு இல்லை.

கடந்த ஆண்டு நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று எங்கள் பகுதியில் படுக்கையில் இருந்த ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். அவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நினைவு வந்ததால் பிழைத்தார்.

நினைவை நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் சட்டத்தின் 8-வது பிரிவு இருக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், ஆபத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டத்தில் 429 ஊராட்சி இருக்கிறது. பதிவேடு ஒவ்வொரு ஊரிலிருந்தும் போனால்தான் உண்மையாக இருக்கும். நான் எங்கள் ஊருக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன். பெயர், தெரு, எந்த வகைக் குறைபாடு, தூக்க எத்தனை பேர் வேண்டும், தினசரி மருந்து என்ன, சொன்னால் கேட்குமா அல்லது காட்ட வேண்டுமா, யார் சொன்னால் பயப்படாமல் கிளம்பி வருவார். கடைசிக் கேள்வி ஏர்வாடிப் பக்கத்து வாசகர் ஒருவர் சேர்க்கச் சொன்னது. மனநலப் பாதிப்பு உள்ளவரை அறிமுகம் இல்லாத ஆட்கள் இரவில் வந்து கையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார்.

புயல் பாதுகாப்பு மையங்களையும் பார்த்துவிட வேண்டும். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியவை அவை. நான் போய்ப் பார்த்த ஒன்றில் சாய்தளம் நன்றாக இருந்தது, கழிப்பறைக் கதவு இரண்டே அடி. ஓர் இரவு முழுவதும், சில சமயம் இரண்டு இரவு, அங்கே இருக்க வேண்டி வரும். ஜூலை 13 அன்று எழுதியதை அந்த இரவோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மோர்ப்பண்ணை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர் மையத்தின் கழிப்பறைக் கதவை அளந்து எழுதுங்கள். அங்குலத்தில் எழுதினாலும் போதும். ஐப்பசி பிறக்குமுன் எல்லா ஊரையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம். எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.